இரண்டாவது குஞ்சுக்காகக் காத்திருந்த காமிராக்காரர்

சென்ற வெள்ளிக்கிழமை காலை சிங்காநல்லூரில் பல்லடம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பஸ் வந்ததும் ஏறப் போனவனை டிரைவர் கையைக் காட்டி நிறுத்தினார். என்ஜினை அணைத்துவிட்டு இறங்கி என் பக்கம் வந்தார்.

“ஏனுங்க வாத்தியாரே, சேதி தெரியாதுங்களா? நம்ம காமிராக்காரரு போயிட்டாருங்களாமா. கொடுமுடியில, நேத்துக் காத்தால. டைபாய்டு காய்ச்சலுன்னு சொல்றாங்க.”

பஸ்ஸில் இருந்தவர்கள் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்கள். யாரும் புறப்படச் சொல்லி அவசரப்படுத்தவில்லை. பின்வரிசையில் இருந்த ஒரு பெண் மட்டும், “யாருங்க? அந்தத் தேன்சிட்டுப் படம் புடிச்சவருங்களா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “அடப் பாவமே” என்றாள்.

சென்னியப்பனை இந்தப் பத்திரிகையின் வாசகர்கள் நேரில் பார்த்திருக்க மாட்டீர்கள். காமிராவுக்குப் பின்னால் நிற்பவரின் முகம் திரையில் வருவதில்லை. ஆனால் அவிநாசியிலும் பல்லடத்திலும் ஈரோட்டிலும் டூரிங் கொட்டகையின் மணல் தரையில் உட்கார்ந்து, ஒரு தேன்சிட்டு கூடு கட்டுவதை வாய் பிளந்து பார்த்த குழந்தைகள் உங்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். அந்தப் படத்தை எடுத்தவர் அவர். அதற்கு விளக்கவுரை எழுதிப் பேசியவன் நான். ஆகவே அவரைப் பற்றி உங்களுக்குச் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது.

சென்னியப்பன் கொடுமுடிக்காரர். அவருடைய தகப்பனார் காவிரியில் பரிசல் ஓட்டுகிறவர். கோயமுத்தூரில் டாக்கி எடுக்க ஸ்டூடியோ வந்தபோது விளக்குத் தூக்கும் ஆளாகச் சேர்ந்து, பம்பாயிலிருந்து வந்த காமிராக்காரருக்கு உதவியாளாகி, பிறகு தாமே காமிரா பிடிக்கத் தொடங்கினார். நான் அதே ஸ்டூடியோவில் படங்களுக்கு வசனம் எழுதுகிறவன். வசனகர்த்தாவை எல்லோரும் வாத்தியார் என்று அழைப்பது சினிமா வழக்கம். அவரும் அப்படியே அழைத்தார்.

எல்லாம் ஒரு கண்ணாடியில் ஆரம்பித்தது. வேஷம் போடும் கொட்டகைக்கு வெளியே, வெளிச்சத்துக்காக ஒரு நிலைக்கண்ணாடியைப் பெண்கள் மரத்தடியில் சாய்த்து வைத்திருந்தார்கள். கட்டை விரல் அளவே உள்ள கருநீலக் குருவி ஒன்று தினமும் வந்து அந்தக் கண்ணாடியோடு சண்டை போட்டது. உள்ளே தெரியும் குருவியைத் தன் எதிரி என்று நினைத்து அலகால் குத்தும்; இறகைச் சிலிர்த்துக்கொண்டு கத்தும்; களைத்துப் போய் மேலே உட்காரும்; பிறகு மறுபடியும் இறங்கும். ராஜபார்ட் நடிகர் ஒருவர் துண்டை வீசி அதை விரட்டிக்கொண்டிருந்தார். சென்னியப்பன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “விடுங்க. உங்களைவிட நல்லாச் சண்டை போடுதுங்க” என்றார். நடிகர் கோபித்துக்கொள்ளாமல் சிரித்துவிட்டார்.

அன்று மாலை அவர் மானேஜரிடம் போய் ஓர் அனுமதி கேட்டார். ஒவ்வொரு நாளும் படப்பிடிப்பு முடிந்தபின் மிஞ்சும் துண்டு பிலிமை எதற்கும் உபயோகிப்பதில்லை. அதையும், சாவி கொடுத்தால் ஓடும் சிறிய கைக்காமிராவையும் தமக்குத் தந்தால், வேலையில்லாத நேரத்தில் குழந்தைகளுக்காக ஒரு சின்னப் படம் எடுப்பதாகச் சொன்னார். “என்ன படம்?” என்று மானேஜர் கேட்டார். “பூவுல தேன் குடிக்கற குருவிங்களப் பத்திங்க.” மானேஜர் சிறிது நேரம் அவரை உற்றுப் பார்த்துவிட்டு, “குருவிக்குச் சம்பளம் கேக்காம இருந்தாச் சரி” என்றார்.

பல்லடத்துக்கு அருகே நாச்சம்மாள் என்ற குடியானவப் பெண்மணியின் தோட்டத்தில், வீட்டுக்குப் போகும் பாதையை ஒட்டிய கிளுவை வேலியில், ஒரு தேன்சிட்டு கூடு தொடங்கியிருந்தது. மாசி மாதம் அது. சென்னியப்பன் விடியற்காலையில் முதல் பஸ்ஸில் பெட்டியோடு போய் இறங்குவார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

முதல் நாள் காமிராவை ஓடவிட்டதுமே பெட்டைக்குருவி பறந்துவிட்டது. அந்தக் காமிரா ஓடும்போது கிர்ரென்று ஒரு சத்தம் வரும். மறுநாளும் அப்படியே. இனி வந்தால் குருவி கூட்டையே விட்டுவிடும் என்று பயந்து பெட்டியை மூடினார். அப்போது நாச்சம்மாள் வேலி நிழலில் மணையைப் போட்டு உட்கார்ந்து ராட்டை சுற்ற ஆரம்பித்தார். கதர் நூல் நூற்பது அவருடைய அன்றாட வேலை. ராட்டையும் கிர்ரென்றுதான் இரைந்தது. குருவி திரும்பி வந்து, அவர் தலைக்கு ஒரு முழத்துக்கு மேலே, ஒன்றும் நடக்காததுபோல நாரைக் கட்டத் தொடங்கியது.

சென்னியப்பன் என்னைப் பார்த்தார். பிறகு நாச்சம்மாளிடம் போய்க் குந்தி உட்கார்ந்துகொண்டு, “அக்கா, நீங்க நூக்கற போதெல்லாம் நானும் பக்கத்துல உக்காந்து இதைச் சுத்தட்டுங்களா?” என்று கேட்டார்.

“சுத்துங்க தம்பி. ஆனா உங்க ராட்டையில நூலு வராதாட்ட இருக்குது?” என்றார் நாச்சம்மாள்.

அன்று முதல் இரண்டு சத்தமும் ஒன்றாகவே எழுந்தன. குருவி இரண்டையும் ஒன்றாகவே எண்ணிக்கொண்டது.

அந்தக் கூட்டைப் பற்றி நான் முதலிலேயே நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தேன். ஆண்குருவி தன் ராணிக்காக அரண்மனை கட்டுவதாக அதில் வரும். சென்னியப்பனுக்கும் அந்த இடம் மிகவும் பிடித்திருந்தது. ஆனால் வேலியோரம் உட்கார்ந்து பார்த்தபோது வேறு விதமாக இருந்தது. சிலந்தி நூலைக் கொண்டுவந்து குச்சியில் சுற்றியது பெட்டை. பட்டைத் துணுக்கையும் உலர்ந்த புல்லையும் அதில் தொங்கவிட்டது பெட்டை. உள்ளே நுழைந்து நெஞ்சால் அழுத்திப் பையாக்கியதும், வாசலுக்கு மேலே மழைக்கு ஒரு சிறு தாழ்வாரம் இறக்கியதும் பெட்டைதான். ஆண் உச்சிக் கிளையில் வெயிலில் மின்னிக்கொண்டு பாடியது. அவ்வப்போது கூடவே பறந்து போய்க் கூடவே திரும்பி வந்தது. அலகில் ஒரு துரும்பும் இல்லை.

“வாத்தியாரே, நம்ம ராசா என்ன பண்றாருன்னு எழுதிப்போட்டீங்க?” என்று சென்னியப்பன் மெல்லக் கேட்டார்.

“அரண்மனை கட்டுகிறார் என்று.”

“நானும் அப்படித்தானுங்க நெனச்சிருந்தன். பாட்டுப் பாடறாருன்னு மாத்திப்போடுங்க.”

நாச்சம்மாள் ராட்டையை நிறுத்தாமலே, “இதுக்கு இத்தன தூரம் பஸ் ஏறி வரோணுங்களா? எங்கூட்டுக்காரரக் கேட்டாச் சொல்லியிருப்பாரு” என்றார். சென்னியப்பன் சிரித்த சிரிப்பில் காமிரா ஆடிவிட்டது. அந்தத் துண்டைப் படத்தில் நீங்கள் பார்க்கலாம். வேலி திடீரென்று ஆடும். காற்று என்று நினைத்திருப்பீர்கள்.

கூட்டின் வெளிப்புறம் பார்க்கக் குப்பை போலவே இருந்தது. புழுவின் எச்சம், காய்ந்த இலைத்துண்டு, மரப்பட்டைச் செதிள், சிலந்திக் கூடு எல்லாம் ஒட்டியிருந்தன. எதிரி பார்த்தால் ஏதோ காற்றில் வந்து சிக்கிய சருகு என்று போய்விடும். உட்புறமோ பஞ்சு மெத்தை. அந்தப் பஞ்சு எங்கிருந்து வந்தது என்பதுதான் படத்தில் எல்லோரும் கைதட்டும் இடம். ஒரு நாள் நாச்சம்மாள் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். பெட்டைக்குருவி கீழே இறங்கி, அவருடைய கூடையில் இருந்த பஞ்சுப் பட்டையிலிருந்து ஒரு சிட்டிகை பிய்த்துக்கொண்டு மேலே போயிற்று. மறுபடியும் வந்தது, மறுபடியும் பிய்த்தது. சென்னியப்பன் காமிராவை நிறுத்தாமல் ஓடவிட்டார். நாச்சம்மாள் திரும்பி வந்து சேதியைக் கேட்டதும் சொன்னது இதுதான்: “எடுத்துக்கட்டும். அதும் கதர் கட்டுதாட்ட இருக்குது.”

முட்டைகள் பொரிந்தன. குஞ்சு இரண்டு. தேன்சிட்டு தேன் மட்டுமே குடிக்கும் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். ஆனால் குஞ்சுகளுக்குத் தாயும் தகப்பனும் கொண்டுவந்தவை சிலந்தியும் சின்னஞ்சிறு பூச்சியும்தான். இப்போது பாட்டுக்காரரும் வேலைக்கு வந்துவிட்டார். “குடும்பஸ்தன் ஆயிட்டாருங்க” என்று சென்னியப்பன் மரியாதையோடு சொன்னார்.

பங்குனியில் ஒரு காலை. குஞ்சுகள் கூட்டின் வாசலில் தலையை நீட்டிக்கொண்டிருந்தன. அன்றே இறங்கிவிடும் என்று தெரிந்தது. அந்த நேரம் பார்த்து ஸ்டூடியோக் கார் தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. மானேஜர் இறங்கினார். சென்னையிலிருந்து பெரிய நடிகை எதிர்பாராமல் ஒரு நாள் முன்னதாக வந்துவிட்டார். பாட்டுக் காட்சியை இன்றே எடுக்க வேண்டும். செட்டில் எல்லோரும் காத்திருக்கிறார்கள்.

“நாளைக்கு வெடியால வாரனுங்க” என்றார் சென்னியப்பன்.

“நாளைக்கு அந்தம்மா ரயில் ஏறிடுவாங்கப்பா. உனக்கு வேண்டியது கூடுதானே? கிளையோட அறுத்துக் கார்ல வெச்சுக்கலாம். செட்டுல விளக்குப் போட்டு எடுத்துக்கோ.”

நாச்சம்மாள் எழுந்து நின்றார். “ஏனுங்க, இது எங்கூட்டு வேலிங்க. இதை அறுக்கறதுன்னா என்னைக் கேக்கோணுங்க.”

மானேஜர் கெட்ட மனிதர் அல்லர். அத்தனை பேரைச் சும்மா உட்கார வைத்துவிட்டு வந்திருந்தார். அவர் தவிப்பு அவருக்கு. சென்னியப்பன் அதை அறிந்தே, குரலை உயர்த்தாமல் பதில் சொன்னார்.

“அந்தம்மா இன்னொரு நாளைக்கும் பாடுவாங்க. இதுங்க இன்னொருக்கா கூட்டை விட்டு எறங்காதுங்க. கோவிச்சுக்காதீங்க.”

“அப்ப உன் எடத்துல வேற ஆளைப் போட வேண்டியதுதான்.”

“போடுங்க.”

கார் திரும்பிப் போயிற்று. ஸ்டூடியோவின் முழுப் படம் ஒன்றுக்குத் தலைமைக் காமிராக்காரராக அவர் இருப்பது அதுவே முதல் தடவை. எத்தனை வருஷம் விளக்குத் தூக்கி அந்த இடத்துக்கு வந்தவர் என்பது எனக்குத் தெரியும். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் உதட்டில் விரலை வைத்து, கூட்டைக் காட்டினார்.

முதல் குஞ்சு அவர் காமிராவில் பிலிம் மாற்றிக்கொண்டிருந்தபோது குதித்துவிட்டது. கையில் மிஞ்சியது ஒரே ஒரு துண்டு. அதை மாட்டி, சாவி கொடுத்து, கண்ணை வைத்துக் காத்திருந்தார். தாய் சற்று எட்ட இருந்த கிளையில் அலகில் ஒரு சிலந்தியோடு உட்கார்ந்து கூப்பிட்டது. இரண்டாவது குஞ்சு வாசலுக்கு வரும், பார்க்கும், உள்ளே போய்விடும்.

அப்போது வேலிக்குள் அடிப்புறத்தில் ஏதோ அசைந்தது. செம்போத்து. செந்நிறச் சிறகும் சிவந்த கண்ணுமாக, முள்ளுக்குள் படிப்படியாக ஏறி வந்தது. கூட்டைக் கிழித்துக் குஞ்சைத் தின்பதில் அதற்கு இணை கிடையாது. தேன்சிட்டுகள் இரண்டும் அதன் தலைமேல் பாய்ந்து பாய்ந்து கத்தின. உள்ளங்கையில் அடங்கும் பறவைகள் அவை. செம்போத்தோ காக்கை அளவு. காமிரா தயாராக இருந்தது. அப்படி ஒரு காட்சியை அதுவரை யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். நான் அவரைப் பார்த்தேன்.

சென்னியப்பன் காமிராவை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். வெறுங்கையை வேலிக்குள் விட்டு உலுக்கிச் சத்தம் போட்டார். செம்போத்து கீழே விழுந்து புரண்டு பக்கத்துக் காட்டுக்குள் போய் மறைந்தது. அவர் வெளியே இழுத்த கையில் முழங்கைவரை ரத்தம் கோடிட்டிருந்தது. நாச்சம்மாள் மஞ்சள் அரைத்துக் கொண்டுவந்தார். ஒரு கைக்கு அதைப் பூசிக்கொண்டு, மறு கையால் காமிராவைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார்.

வெயில் ஏறிய பிறகு இரண்டாவது குஞ்சு வாசலில் முழுதாக வந்து நின்றது. வாலே இல்லாத சின்ன உருண்டை. ஒரு முறை முன்னால் சாய்ந்து பின்வாங்கியது. பிறகு குதித்தது. சிறகை அடித்துக்கொண்டு ஒரு கிளுவைக் குச்சியைப் பற்றித் தலைகீழாகத் தொங்கி, சமாளித்து நிமிர்ந்தது. தாய் வந்து சிலந்தியை ஊட்டியது. பிலிம் தீர்ந்தது.

பிற்பாடு ஸ்டூடியோவில் ஒருவர், “செம்போத்தை எடுத்திருந்தால் ஊரே பேசியிருக்குமே” என்று அங்கலாய்த்தார். சென்னியப்பன் சொன்னார்: “இத்தன நாளா அந்தூட்டு வாசல்ல உக்காந்திருந்தவனுங்க நானு. திருடன் வந்தா அவனைப் படம் புடிச்சிட்டு இருக்க முடியுமுங்களா?”

அவருடைய இடம் வேறொருவருக்குப் போயிற்று. சில மாதங்கள் டவுனில் ஒரு போட்டோக் கடையில் கல்யாண ஜோடிகளை உட்கார வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அவர் அதைப் பற்றிக் குறைப்பட்டு நான் கேட்டதில்லை. ஐப்பசியில் ஓய்வுநாள் பார்த்து இருவரும் மறுபடியும் பல்லடம் போனோம், பூவில் தேன் குடிப்பதை எடுப்பதற்காக. வாழைப்பூவில் அலகை விட்டு, குழல் போன்ற நாக்கால் உறிஞ்சும். நெற்றியில் மகரந்தத்தைப் பூசிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போய் அங்கே கொடுக்கும். செம்பருத்தியில் மட்டும் திருட்டு வழி. பூவின் அடியில் ஒரு ஓட்டை போட்டுத் தேனை எடுத்துக்கொண்டு போய்விடும். இதெல்லாம் கிடைத்தது. ஆனால் நம் கருநீல ராஜாவைக் காணவில்லை. பெட்டையைப் போல மங்கலாக, நெஞ்சில் மட்டும் ஒரு கறுப்புக் கோட்டோடு, வேறு ஒன்றுதான் வந்தது. பார்த்துப் பார்த்து எங்களுக்குப் புரிந்தது, ஆண்தான் அது. இனப்பெருக்க காலம் முடிந்ததும் மினுக்கும் இறகை உதிர்த்துவிட்டிருந்தது.

“வேஷத்தைக் கலைச்சுப்போட்டு வந்திருக்காருங்க. இது அவரு ஊட்டுக்குப் போற மூஞ்சி” என்றார் சென்னியப்பன். அந்த வாக்கியத்தைத்தான் படத்தில் என் வாக்கியம்போல நீங்கள் கேட்கிறீர்கள்.

பிலிம் துண்டுகளைக் கழுவி ஒட்டிப் பார்க்க ஸ்டூடியோவின் தயவு வேண்டும். நான் போய் மானேஜரைக் கேட்டேன். முனகிக்கொண்டே சம்மதித்தார். போட்டுக் காட்டும் அன்று தாமும் வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். படம் முடிந்து விளக்கு எரிந்தது. அவர் சென்னியப்பனைப் பார்த்துக் கேட்டார்: “அந்த ரெண்டாவது குஞ்சு பொழைச்சுதா?”

“பொழைச்சுதுங்க. ரெண்டு நாள் கழிச்சும் போய்ப் பாத்தனுங்க.”

“நாளைக்கு வேலைக்கு வந்துடு” என்று சொல்லிவிட்டு மானேஜர் எழுந்து போனார்.

மறு வருஷம் சித்திரையில் அவிநாசித் தேர். டூரிங் கொட்டகைக்காரர் ஒருவர் பெரிய படத்துக்கு முன்னால் இதைப் போட ஒப்புக்கொண்டார். தேர் பார்க்க வந்த கூட்டமெல்லாம் கொட்டகையில். நாச்சம்மாளை வண்டி கட்டி அழைத்து வந்திருந்தோம். பஞ்சு பிய்க்கும் காட்சி வந்ததும் அவர் எழுந்து நின்று, “ஏனுங்க, அது எம்பட ராட்டைங்க! எம்பட கூடைங்க!” என்று அக்கம்பக்கத்தில் இருந்த எல்லோருக்கும் சொன்னார்.

குஞ்சு குதிக்கும் இடத்துக்கு நான் நல்ல நடையில் சில வரிகள் எழுதியிருந்தேன். குரல் பதிவு செய்யும் நாளில் சென்னியப்பன் அவற்றைக் கேட்டுவிட்டு, நயமாகத்தான் சொன்னார்: “நல்லா இருக்குதுங்க வாத்தியாரே. ஆனா இந்த எடத்துல நாம ஒண்ணும் பேச வேண்டாமுங்க.” எனக்கு மனமில்லை; இருந்தாலும் எடுத்துவிட்டேன். அவிநாசியில் அந்த இடம் வந்தது. குரல் நின்றது. குஞ்சு வாசலில் சாய்ந்தது, பின்வாங்கியது. முன்வரிசையில் ஒரு சிறுமி, “குதி கண்ணு, குதி!” என்றாள். அடுத்து அந்தக் கொட்டகை முழுவதும் எழுந்துகொண்டது. “குதி கண்ணு! குதி கண்ணு!” குழந்தைகளும் பெரியவர்களும் தேர் வடம் பிடித்து வந்தவர்களும் கூவினார்கள். அது குதித்ததும் எழுந்த ஆரவாரத்தில், அடுத்து நான் பேசியிருந்த எதுவும் யார் காதிலும் விழவில்லை. இருட்டில் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். சென்னியப்பன் திரையைப் பார்க்கவில்லை. குழந்தைகளின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை நான் கொடுமுடி போய்ச் சேர்ந்தபோது காவிரிக் கரையில் எல்லாம் முடிந்திருந்தது. அவருடைய தகப்பனார் பரிசல்துறையில் உட்கார்ந்திருந்தார். அவர் அருகில் உட்கார்ந்தேன். அவரே பேசினார்.

“எம்பட பையன் எடுத்த படத்தை ரெண்டு தடவ பாத்தனுங்க. இந்த ஆத்தோரத்துல நான் பாக்காத குருவிங்களா? ஆனா அதோட மூஞ்சிய அன்னிக்குத்தானுங்க பாத்தன்.” தலையை நிமிர்த்திச் சொன்னார்: “எங்கூர்ல இப்ப யாரும் உண்டிவில்லுல தேன்சிட்ட அடிக்கறதில்லீங்க.”

சென்னியப்பன் எடுத்த படம் இப்போது சேலத்துப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறதாம். உங்கள் ஊருக்கு வந்தால் போய்ப் பாருங்கள். கொங்கு நாட்டுக் காமிராக்காரர் ஒருவர் எடுத்தது என்று பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லுங்கள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது, எழுதுமுன் போய் உட்கார்ந்து பார்க்கும் பழக்கம். இந்த அஞ்சலியை எழுதப் பேனாவை எடுத்ததும் முதலில் பெரிய பெரிய சொற்களே வந்தன. மூடி வைத்துவிட்டு வீட்டுக்குப் பின்னால் வாழையடிக்குப் போனேன். ஒரு பெட்டைத் தேன்சிட்டு வந்தது. பூமடலுக்குள் தலையை விட்டது. நெற்றியில் மஞ்சள் பொடியோடு வெளியே வந்து என்னைப் பார்த்தது. அடுத்த வாழைக்குப் பறந்தது. இன்னொன்று வருமா என்று, வெயில் முகத்தில் விழும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.